மாஸ்டரின் வலது கால்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு இடத்தில் கற்றவர்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்திய அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் மனைவியே மற்றவர்களிடம் பேசும்போது "எங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வாள். அவள் தையல் கடை வைத்திருந்தாள். ஊருக்கு அவள் டெய்லரம்மா.

எல்லா டிரைவிங் ஸ்கூல் கார்களிலும் இருப்பதுபோல மாஸ்டரின் காரிலும் பக்கத்து சீட்டுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதிப்பார். தடுமாறப் போகிறார் என்று தோன்றினாலும் மிதிப்பார். ஒன்றுமே தோன்றாவிட்டால், ஏதோ வரப்போகிறது என்று மிதிப்பார். அவர் வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும் விஷயத்தை டெய்லரம்மா கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஊரோ தட்டையான ஊர். மேடு என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். ஆனாலும் மாஸ்டர் மலைப்பாதைக்கும் பாடம் எடுப்பார். ஸ்கூல் அறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மலைநாட்டில் எங்கோ உள்ள ஒரு கணவாய்ச் சாலை. வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் மேகத்துக்குள் போய்விடும். ஒரு குச்சியை எடுத்து அந்த வளைவுகளைத் தொட்டுத் தொட்டு, "இங்க என்ன கியர்? எதிர்ல லாரி வந்தா யாரு ஒதுங்கணும்?" என்று கேட்பார். தப்பாகச் சொன்னால், "போச்சு, நாலு பேரும் பள்ளத்துல" என்பார். அவர் எந்த மலையிலும் ஏறியதில்லை என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியாது. டெய்லரம்மாவுக்குத் தெரியும். கட்டினவரை அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல முடியும். அவள் கிளட்சை விடுவாள், அவர் மிதிப்பார். அவள் வளைப்பாள், அவர் மிதிப்பார். யார் ஓட்டுகிறார்கள் என்று அந்தக் காருக்கே குழப்பமாக இருந்திருக்கும். ஒருநாள் மேம்பாலத்தின் நடுவே வண்டி நின்றுபோய், பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. அவள் கதவைத் திறந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்று சாயங்காலம் வாசலில் நின்று யாரிடமோ மாஸ்டர், "அவளுக்கு வராதுப்பா, விட்டுட்டேன்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த 'வராது' அவளுக்குள் நன்றாகத் தைத்துவிட்டது. சில வருஷம் கழித்து, அடுத்த தெருவில் போட்டிக்கு ஸ்கூல் நடத்திய ஒரு அம்மாவிடம் சத்தமில்லாமல் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் தபாலில் வந்தபோது வாங்கியவர் மாஸ்டர்தான். கொஞ்ச நாள் உம்மென்று இருந்தார், பிறகு சரியாகிவிட்டார். துணி வாங்கவும் பட்டன் வாங்கவும் அவள் ஒரு பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போனால் அவர் ஓட்டுவார். அந்த மேம்பாலத்துக்குப் பிறகு அவள் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. அவரும் கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. மற்றபடி சிரித்துப் பேசி வாழ்கிற குடும்பம்தான். இந்த ஒரு முள் மட்டும் உள்ளே இருந்தது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள்தான் இந்தப் பயணத்தைக் கிளப்பிவிட்டாள். "அப்பா, எத்தன வருஷம்தான் குச்சிய வெச்சே மலை ஏறுவீங்க? அம்மாவக் கூட்டிக்கிட்டு நெசமாவே போயிட்டு வாங்க" என்று மலைநாட்டுக்கு விமான டிக்கெட்டும் அங்கே ஒரு வாடகைக் காரும் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். மாஸ்டர் அன்று முழுக்கப் படத்தின் முன்னாலேயே நின்றார்.

வாடகைக் கார் ஆபீஸ் ஒரு சின்ன அறை. சுவர் நிறையக் கொக்கிகள், கொக்கிகளில் வண்டிச் சாவிகள், மேசைக்கு அடியில் ஒரு ஹீட்டர். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

"சார், இது முடிஞ்சு போச்சே."

"எது?"

"லைசென்ஸ். போன மாசமே முடிஞ்சிருக்கு."

மாஸ்டர் சிரித்தார். "நல்லாப் பாரும்மா. நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்."

"போட்டோவுல ஸ்கூல் போர்டும் சேர்ந்து விழுந்திருக்கு சார். அதனாலதான் ரெண்டு தடவ பார்த்தேன்."

மாஸ்டர் அட்டையை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்டத்தில் வைத்துப் பார்த்தார். தேதி எங்கிருந்து பார்த்தாலும் அதேதான். ஊரில் யாருடைய லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பது அவருக்கு மனப்பாடம். போன் போட்டு நினைவுபடுத்துவார், எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய் நிற்பார். அவருக்கு நினைவுபடுத்தத்தான் இன்னொரு மாஸ்டர் இல்லாமல் போய்விட்டார்.

"வேற யாராச்சும் ஓட்டுவீங்களா?" என்றாள் குல்லாய்க்காரி.

டெய்லரம்மா கைப்பையைத் திறந்தாள். அளவு நாடா வந்தது, ஊசிப் பெட்டி வந்தது, இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் வந்தது, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அவளுடைய லைசென்ஸும் வந்தது. வேண்டுமென்றே கொண்டுவந்தாளா, பையோடு தானாக வந்துவிட்டதா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"இவளா?" என்றார் மாஸ்டர். "மலையிலயா?"

"இதுல மலையில ஓட்டக் கூடாதுன்னு எழுதலையே சார்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பதிவில் பெயரை மாற்றினாள்.

டெய்லரம்மாவுக்குப் பயமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. கணவாய், காலண்டர் எல்லாம் அப்புறம். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவையாவது தன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வர வேண்டும். வாழ்க்கையில் வேறு பெரிய குறை எதுவும் இல்லாத அவள், இதை மட்டும் ரொம்பவும் ஆசைப்பட்டாள்.

வெளியே ஒரு சின்ன நீல நிறக் கார் நின்றது. குல்லாய்க்காரி சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் பாடத்தை ஆரம்பித்தாள்.

"போன எடுங்க மேடம். வண்டிய ஒரு சுத்து சுத்தி வீடியோ எடுத்துக்குங்க, எல்லாக் கீறலும் தெரியற மாதிரி. திரும்பக் கொடுக்கும்போது இது உங்க கீறலா எங்க கீறலான்னு பஞ்சாயத்து வேண்டாம். ஸ்டெப்னியில காத்து இருக்கா, ஜாக்கி இருக்கான்னும் பாத்துடுங்க. மேப்ப இங்கயே போன்ல இறக்கி வெச்சுக்குங்க, மேல சிக்னல் வந்தா வரும், வராட்டி வராது. மேப் ஒரு மணி நேரம்னு சொன்னா ரெண்டுன்னு வெச்சுக்குங்க. டேங்க் பாதியானாலே நிரப்பிடுங்க, அடுத்த பங்க் வரும்னு நம்பிப் போகாதீங்க. இருட்டறதுக்குள்ள ரூமுக்குப் போயிடணும். அப்புறம், இறங்கும்போது…"

"ஏறின கியர்லயே இறங்கணும்," என்றார் மாஸ்டர்.

"சார், ஓட்டப்போறது அவங்க." அந்தப் பெண் டெய்லரம்மாவைப் பார்த்தே பேசினாள். "பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா சூடேறிப் பிடிக்காமப் போயிடும். ரெண்டாவதுல போட்டு விடுங்க, இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. பின்னாடி யாராச்சும் அவசரமா வந்தா ஒதுங்கி விட்டுடுங்க, வீம்பு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வளைவுன்னா ஹாரன் கண்டிப்பா அடிக்கணும். மூடுபனியில லைட்டத் தாழ்த்திப் போடுங்க. சரிவுல நிறுத்தினா ஹேண்ட்பிரேக்க மட்டும் நம்பாம கியர்லயும் போட்டு, சக்கரத்த மலைப் பக்கமா ஒடிச்சு, ஒரு கல்லு வைங்க. கிளம்பும்போது அந்தக் கல்ல எடுத்து ஓரமாப் போடுங்க."

டெய்லரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ரவிக்கைக்கு அளவு சொல்லும்போது கேட்டுக்கொள்வதைப் போலக் கவனமாகக் கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு. பக்கத்துல உக்கார்றவங்க தூங்கக் கூடாது. அவங்க தூங்கினா ஓட்டுறவங்களுக்கும் கண்ணு சொக்கும்."

"அந்தக் கவலையே வேண்டாம்மா," என்றார் மாஸ்டர். "அந்த சீட்டுல நான் ஜென்மத்துல கண்ண மூடினதில்ல."

இது பொய்யில்லை என்று டெய்லரம்மாவுக்குத் தெரியும்.

அடிவாரம் வரைக்கும் நல்லபடியாகப் போயிற்று. முதல் வளைவு வந்தது. தப் என்று ஒரு சத்தம். மாஸ்டரின் வலது கால் தரை விரிப்பை மிதித்திருந்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் டெய்லரம்மாவின் கால் தன்னால் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி குலுங்கியது.

"ஏன் இப்பப் போட்ட?" என்றார் அவர்.

"நீங்கதான் போட்டீங்க."

"எனக்கு ஏது பிரேக்கு?"

அடுத்த வளைவிலும் தப். அதற்கடுத்ததிலும் தப். இதற்கு நடுவில் "பாத்து, பாத்து" என்று வேறு. சாலையில் பார்க்க வேண்டியதை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே சன்னமான ஓர் ஆறு. அழகான இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டே நினைத்தாள்.

செங்குத்தான ஒரு வளைவில் மாஸ்டர் மிதித்த மிதியில் அவளும் மிதிக்க, வண்டி நின்று இன்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு லாரி. கார் ஒரு முழம் பின்னோக்கி நகர்ந்தது. அவள் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே மாஸ்டரின் கை இருந்தது. இரண்டு கையும் சேர்ந்து இழுத்ததில் வண்டி நின்றது.

லாரிக்காரர் சாவகாசமாக இறங்கிவந்து, ஒரு கல்லை எடுத்து அவர்களுடைய பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அப்புறம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஹேண்ட்பிரேக்கை இரண்டு பேரும் விடவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்தா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கிண்டல் மாதிரி தெரியவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. "யாராச்சும் ஒருத்தர் ஓட்டுங்க. பின்னாடி வர்றவன் பொழைக்கணுமில்ல?"

டெய்லரம்மாவுக்கு முகம் சுட்டது. மேம்பாலத்தில் கேட்ட ஹாரன் எல்லாம் மறுபடி காதில் ஒலித்தது. இறங்கி நடக்கலாம் என்றால் இங்கிருந்து வீடு ரொம்ப தூரம். "கைய எடுங்க," என்று சொன்னாள். மாஸ்டர் எடுத்தார். அவள் கிளட்சைப் பாதி விட்டாள். பாதி மிதியில் நிறுத்திப் பிடிப்பது அவளுக்குப் புதிதா என்ன, தையல் மிஷினில் நாள் பூராவும் அதுதானே வேலை. வண்டி உறுமி, முன்னால் நகர்ந்தது. லாரிக்காரர் கல்லைத் தூக்கி ஓரமாகப் போடுவது கண்ணாடியில் தெரிந்தது.

அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"பின்னாடி போய் உக்காருங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனார். பின் சீட்டில் உட்கார்ந்து பழக்கமே இல்லாத மனிதர். நாலைந்து வளைவு தாங்கினார். அப்புறம், "நிறுத்து, நிறுத்து" என்று குரல் வந்தது. வாந்தி எடுக்கிறவர்களைப் பார்த்து "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவர், சாலையோரம் குனிந்து நின்று மனசில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தார். டெய்லரம்மா முதுகைத் தடவிவிட்டாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். இஞ்சி மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் முன்னாடியே உக்காந்துக்கறேனே," என்றார்.

"அப்ப அந்தக் கால்?"

மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார். "அது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. நீ ஓட்டறதாலன்னு நெனைக்காத. எவன் ஓட்டினாலும் தானாப் போகுது. பஸ்ஸுல போனாலும் போகும்."

"பஸ்ஸுலயுமா?"

"பிளேன்ல கூட. இறங்கும்போது மிதிச்சேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாரே, கவனிக்கலையா?"

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாஸ்டரும் கொஞ்சம் சிரித்தார். இத்தனை வருஷமும் அந்தக் கால் தன்னை மட்டும்தான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது பைலட்டையே நம்பாத கால்.

ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் சாலையோரம் தேன் விற்றுக்கொண்டிருந்தாள். மகளுக்கென்று பெரிய கண்ணாடி ஜாடியாக ஒன்று வாங்கி, டெய்லரம்மா அதை முன் சீட்டில் மாஸ்டரின் காலடியில் வைத்தாள்.

"ரெண்டு பாதத்துக்கும் நடுவுல பிடிச்சுக்குங்க. உடைஞ்சா வண்டி பூரா தேன். அந்தக் குல்லாய்க்காரிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல மாஸ்டர் அதைக் கால்களால் பிடித்துக்கொண்டார். வளைவு வரும்போதெல்லாம் வலது கால் துள்ளப் பார்க்கும், ஜாடி நினைவுக்கு வரும், அடங்கும். அவர் வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. அவள் காதில் வாங்கவில்லை. தப் சத்தம் நின்றதும் வண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. கியரை எங்கே இறக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று இன்ஜின் சத்தமே சொன்னது. அவசரமாக வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டாள், டேங்க் பாதியானதும் நிரப்பினாள், மேப் சொன்ன நேரத்தை மலைக்குத் தகுந்தபடி நீட்டிக்கொண்டாள். வெளிச்சம் இருக்கும்போதே தங்கும் இடம் வந்துவிட்டது.

மர அறை. கனமான கம்பளிகள், மூடினால் திறக்காத ஜன்னல் ஒன்று. மாஸ்டருக்கு ஜாடியைப் பிடித்துப் பிடித்துக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அவள் தைலம் தேய்த்துவிட்டாள். வலி அடங்காமல் அவர் புரண்டுகொண்டே இருந்தார். டெய்லரம்மா அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குத்தான் காலண்டர் கணவாய். மாஸ்டர் தேன் ஜாடியைத் தூக்கி, தன் சால்வையைச் சுற்றி, பின் சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினார்.

"ஏன் அங்க வைக்கிறீங்க?"

"கால் மரத்துப் போச்சு. இன்னொரு நாள் தாங்காது."

டெய்லரம்மாவுக்கு மனசு கனத்தது. இத்தோடு முடிந்தது, நேற்றைய கதைதான் இன்றைக்கும் என்று நினைத்தாள். ஆனால் தைலம் தேய்த்த காலைப் பார்த்த பிறகு ஜாடியை மறுபடி காலடியில் வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

ஒரு திருப்பம் தாண்டியதும் மலை முழுக்கத் திறந்துகொண்டது. மாஸ்டர் முன்னால் குனிந்தார். எதிரே, மடித்து மடித்துப் போட்ட நாடாவைப் போல, அதே சாலை. அதே வளைவுகள். உச்சியில் மேகம்கூட இருந்தது.

"இதுதான்," என்றார் மெதுவாக. "நான் குச்சி வைக்கிற எடம் இதுதான்."

அவர் விரல் தன்னால் எழுந்து, கண்ணாடியில் முதல் வளைவின் மேல் போய் நின்றது. "இங்க…" என்று ஆரம்பித்தார். டெய்லரம்மா காத்திருந்தாள். என்ன கியர், யார் ஒதுங்க வேண்டும், நாலு பேரும் பள்ளத்தில், எல்லாம் இனி வரிசையாக வரப்போகிறது.

விரல் கீழே இறங்கியது.

"நீ பாத்துக்க," என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தை டெய்லரம்மா ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடது காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்தார். வலது காலையும் தூக்கி, அதற்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக் கட்டிலில் பேப்பர் படிக்க உட்காருவாரே, அதே சம்மணம். மடியில் கை, கண்ணாடி வழியாக வெயில்.

முதல் வளைவு வந்தது. சத்தத்துக்காக அவள் தோள் இறுகியது. சத்தம் வரவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி, வளைத்து, ஏற்றினாள். அடுத்ததும் போனது. மூன்றாவதில் ஏதோ சத்தம் கேட்டது, ஆனால் அது காலின் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டில் இந்த மனிதரின் மூடிய கண்களை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அழக் கூடாது, பாதை மங்கிவிடும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

எழுப்பலாமா என்று யோசித்தாள். குச்சியால் இத்தனை வருஷம் ஏறிய சாலை, கண்ணால் பார்க்க வேண்டாமா. எழுப்பினால் பார்ப்பார். ஆனால் கால் இறங்கிவிடும். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கலைக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்படியும் கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும் என்று குல்லாய்க்காரி சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து அடித்தாள். மாஸ்டர் ஒருமுறை வாயைச் சப்புக்கொட்டினார், அவ்வளவுதான்.

பாதி தூரத்தில் மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி என்பதால் பாறையோரம் ஒதுங்கி நின்றது. கிட்டே போனதும்தான் தெரிந்தது, நேற்று கல் வைத்தவர். அவரும் அடையாளம் கண்டுகொண்டார். ஓட்டுகிறவளைப் பார்த்தார், சம்மணம் போட்டுத் தூங்குகிறவரைப் பார்த்தார். ஹாரன் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, பெரிதாகத் தலையசைத்தார். டெய்லரம்மா பெருமையோடு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

உச்சியில் வண்டிகள் நிற்க இடம் இருந்தது. நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் போட்டு, சக்கரத்தை ஒடித்து, இறங்கி ஒரு கல்லும் வைத்தாள். காற்று சேலையைப் பிடுங்கியது. ஓரமாகப் போய்க் கீழே பார்த்தாள். ஏறி வந்த வழி முழுக்கக் காலடியில் கிடந்தது. இதில் ஒவ்வொரு வளைவும் தான் வளைத்தது என்று நினைத்தபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பெட்டிக்கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

மாஸ்டர் திடுக்கிட்டு விழித்தார். "வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"வளைவெல்லாம்?"

"கீழ இருக்கு. வந்து பாருங்க."

செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்பார், எந்த வளைவில் எந்த கியர் என்று கேட்பார், எல்லாவற்றுக்கும் அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். அவரோ டீயை மட்டும் ஊதி ஊதிக் குடித்தார்.

கடைசியில் அவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "பக்கத்துல உக்கார்றவங்க தூங்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு," என்றார் மாஸ்டர். பார்வை வளைவுகளின் மேல்தான் இருந்தது. "அது ஓட்ட வராதவங்க பக்கத்துல உக்கார்றவங்களுக்குச் சொன்னது."

டெய்லரம்மா முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேம்பாலத்தில் இறங்கி விறுவிறுவென்று நடந்து போனாளே ஒருத்தி, அவளைக் கூப்பிட்டு இதைக் கேட்க வைக்க வேண்டும்போல இருந்தது. சந்தோஷத்தில் டீ சூடா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"கால் ஜில்லுனு ஆயிடுச்சு, கிளம்பலாமா?" என்றார் அவர்.

"இனிமே இறக்கம். தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் சக்கரத்துக்கு அடியிலிருந்து கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குள் மாஸ்டர் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டி, கால்களை மடித்துப் போட்டுக்கொண்டுவிட்டார். ஸ்கூல் காரில் அவருடைய பிரேக் இருக்கும் இடத்தில், இங்கே அவர் செருப்புகள் கிடந்தன. டெய்லரம்மா வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, மெதுவாக இறக்கத்தில் விட்டாள்.